சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்த பெட்டி

ஓசூரிலிருந்து பேசுறேன். பின்னாடி லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க, பெங்களூர் ஹைவேயிலிருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு.

போன வாரம் கிருஷ்ணகிரிப் பக்கம் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிற ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். "அண்ணா, குவாண்டம் சாட்டிலைட் வந்துட்டா யாராலயும் ஹேக் பண்ணவே முடியாதாமே? இயற்பியல் விதியே காவல் காக்குமாமே? அப்போ நான் சைபர் செக்யூரிட்டி எலெக்டிவ் எடுக்கிறது வேஸ்ட்டா?" இதுதான் கேள்வி. கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்காம். அந்தக் குரலில் இருந்த பதற்றம் எனக்கு நல்லாத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் அதே பதற்றத்தோடு ஒரு ஃபார்மை நிரப்பியிருக்கிறேன்.

ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் கேள்வி அதைவிடப் பெரியது. அதனால் இந்த எபிசோட் முழுக்க அவனுக்கான பதில்தான். நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்க.

நாற்பது கிலோமீட்டரில் பிறந்தது

கதை நம்ம பக்கத்து ஊரில்தான் தொடங்குகிறது. 1984 டிசம்பரில் பெங்களூரில் கணினி, சிக்னல் பிராசஸிங் பற்றி ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. அதில் சார்லஸ் பென்னட், ஜில் பிரஸார்ட் என்ற இரண்டு பேர் ஐந்து பக்கத்தில் ஒரு கட்டுரை கொடுத்தார்கள். பென்னட் ஐபிஎம் ஆய்வாளர், பிரஸார்ட் கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்துக்காரர். இருவர் பெயரின் முதல் எழுத்தும் வருஷமும் சேர்ந்து இன்றைக்கு உலகம் முழுக்க அதை 'பிபி84' என்று கூப்பிடுகிறார்கள். குவாண்டம் சாவிப் பரிமாற்றம் என்ற துறைக்கே அதுதான் தாய்க் கட்டுரை.

தினமும் காலையில் டிஎன் 70 வண்டியில் ஜுஜுவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிற ஆயிரக்கணக்கான பேரில் நானும் ஒருத்தன். போகிற ஊருக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்கு யாரும் காலேஜில் சொல்லவில்லை. ஒரு டிராஃபிக் ஜாமில் போனில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கட்டுரை என்ன சொன்னது? உங்களுக்கும் எனக்கும் ரகசியமாகப் பேசணும். செய்தியைப் பூட்டி அனுப்பலாம், ஆனால் இரண்டு பேரிடமும் ஒரே சாவி இருக்கணும். அந்தச் சாவியை முதலில் எப்படிக் கொடுப்பது? இன்றைக்கு யூபிஐயிலும் வாட்ஸ்அப்பிலும் இதைக் கணக்கு வைத்துச் செய்கிறோம். போட எளிது, திரும்பப் பிரிக்கக் கஷ்டம் என்கிற மாதிரிக் கணக்கு. 1994-இல் பீட்டர் ஷோர் என்ற கணிதவியலாளர், போதுமான அளவு பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் ஒன்று வந்தால் அந்தக் கணக்குகளில் முக்கியமானவற்றைச் சீக்கிரம் பிரித்துவிடலாம் என்று காட்டிவிட்டார். அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை. ஆனால் இன்றைக்குப் போகிற தகவலை அப்படியே சேமித்து வைத்து, வந்தபிறகு திறக்கலாம் இல்லையா? முப்பது வருஷம் ரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவப் பதிவு, ராணுவத் தகவல் எல்லாம் இப்போதே ஆபத்தில்தான் இருக்கிறது.

பிபி84 வேறு வழி சொல்கிறது. ஒளியின் மிகச் சின்னத் துணுக்கு ஃபோட்டான். அதை நாலு கோணத்தில் ஒன்றில் அதிரவைத்து அனுப்பலாம்: நேராக, படுக்கையாக, இரண்டு பக்கக் குறுக்காக. நேர், படுக்கை ஒரு ஜோடி. இரண்டு குறுக்கும் இன்னொரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று 0, இன்னொன்று 1. நான் எந்த ஜோடி என்று சொல்லாமல் அனுப்புகிறேன். நீங்கள் குத்துமதிப்பாக ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து அளக்கிறீர்கள். சரியான ஜோடியை எடுத்தால் சரியான விடை. தப்பான ஜோடியை எடுத்தால் காசு சுண்டிப் போட்ட மாதிரி ஏதோ ஒன்று வரும். அப்புறம் போனிலேயே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எந்த ஜோடி என்று மட்டும் பேசிக்கொள்கிறோம். ஒத்துப்போனதை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடுகிறோம்.

நடுவில் ஒருத்தர் ஒட்டுக்கேட்டால்? ஃபோட்டானை நகல் எடுக்க முடியாது. இது 1982-லேயே நிரூபிக்கப்பட்ட விஷயம். அளந்துதான் பார்க்கணும், பாதி நேரம் தப்பான ஜோடியில் அளப்பார், அப்போது ஃபோட்டான் மாறிப்போகும். எல்லாவற்றையும் அளந்து திருப்பி அனுப்பினால், நம் கையில் இருக்கிற சாவியில் நாலில் ஒரு பிட் தப்பாக இருக்கும். கொஞ்சம் பிட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தச் சாவியைப் பயன்படுத்தாமல் விட்டுவிடலாம்.

தம்பி கேட்ட "இயற்பியல் விதியே காவல்" இதுதான். இந்த இடம் வரைக்கும் அது உண்மை.

ஏன் வானத்துக்குப் போகணும்?

ஃபைபர் கேபிளில் அனுப்பினால் என்ன? அனுப்பலாம். ஆனால் நல்ல ஃபைபரிலும் ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாதி ஒளி போய்விடும். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு 40 கிலோமீட்டர். நூறு ஃபோட்டான் அனுப்பினால் பதினாறு போய்ச் சேரும், பரவாயில்லை. ஓசூரிலிருந்து சென்னைக்கு 300 கிலோமீட்டர் என்று வைத்தால், பத்து லட்சத்தில் ஒன்று. ஆயிரம் கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஆயிரம் கோடி ஃபோட்டான் அனுப்பினாலும், ஒரே ஒரு ஃபோட்டான் போய்ச் சேர 300 வருஷத்துக்கு மேல் ஆகும். சாதாரண இன்டர்நெட்டில் நடுநடுவே பெருக்கி வைப்பார்கள். இங்கே பெருக்குவது என்றால் நகலெடுப்பது. அது முடியாது என்பதுதானே நம் பாதுகாப்பே.

வானத்தில் நிலைமை வேறு. அடர்த்தியான காற்று கீழே பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். அதற்கு மேல் ஏறக்குறைய வெற்றிடம், ஒளியை விழுங்க ஒன்றுமில்லை. அதனால்தான் சீனா 2016 ஆகஸ்டில் மிசியஸ் என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. சுமார் 500 கிலோமீட்டர் உயரம். 2017-இல் 1,200 கிலோமீட்டர் தூரம் வரை தரை நிலையத்துக்குச் சாவி அனுப்பிக் காட்டினார்கள். அதே வருஷம் பெய்ஜிங்குக்கும் வியன்னாவுக்கும் அந்தச் சாவிகளை வைத்து வீடியோ கால் பேசினார்கள்.

ஆனால் வானத்திலும் இழப்பு இருக்கிறது. லேசர் கற்றை விரிந்துகொண்டே வரும். 1,200 கிலோமீட்டர் தாண்டித் தரைக்கு வரும்போது அது சுமார் 12 மீட்டர் அகல வட்டம். பிடிக்கிற டெலஸ்கோப் 1 மீட்டர். மீதி ஒளி சுற்றியுள்ள மண்ணில்தான் விழும்.

ஒரு இரவின் கணக்கைப் பார்ப்போம். மிசியஸ் நொடிக்கு 10 கோடி ஒளித்துடிப்பு அனுப்பும். நிலையத்தின் தலைக்கு மேல் கடந்து போக அதற்கு ஏறக்குறைய ஐந்து நிமிஷம்தான். வெளியிட்ட ஒரு கணக்கில் 273 நொடி. அப்படியானால் அனுப்பியது 2,730 கோடி துடிப்பு. தரையில் பதிவானது சுமார் 35 லட்சம். ஜோடி ஒத்துப்போனது அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. பிழை நீக்கி, சந்தேகத்துக்குரியதையெல்லாம் கழித்தபிறகு கையில் வந்த சாவி சுமார் 3 லட்சம் பிட். அதாவது 40 கேபிக்கும் கம்மி. காலையில் சொந்தக்காரர் அனுப்புகிற 'இனிய காலை வணக்கம்' படம் இதைவிடப் பெரிசு.

இப்போது புரியுதா, ஏன் எல்லோரும் வேகம் வேகம் என்கிறார்கள் என்று? செயற்கைக்கோளை நிறுத்தி வைக்க முடியாது. வழியில் போகிற ஃபோட்டானைத் திரும்பப் பெற முடியாது. ஒவ்வொரு துடிப்பையும் பிரகாசமாக்கவும் முடியாது, பிரகாசமானால் அது ஒற்றை ஃபோட்டானாக இருக்காது. மிச்சமிருக்கிற முக்கியமான வழி, அதே ஐந்து நிமிஷத்தில் இன்னும் அதிகத் துடிப்புகளை அனுப்புவது. ஒவ்வொன்றையும் சரியான கோணத்தில், சரியான வெளிச்சத்தில். இந்த வேலையைச் செய்கிற கருவிதான் மாடுலேட்டர்.

படிகத்துக்கு வோல்ட் கொடுத்தால்

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். டைட்டன் வாட்ச் ஓசூரில்தானே தயாராகிறது. குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள் இருக்கிற சின்னப் படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது நொடிக்கு 32,768 முறை அதிரும். வோல்ட் கொடுத்தால் படிகத்தின் வடிவம் லேசாக மாறுகிறது, அதுதான் சூத்திரம்.

லித்தியம் நையோபேட் என்று ஒரு படிகம் இருக்கிறது. அதற்கு வோல்ட் கொடுத்தால் அதன் வழியே போகிற ஒளியின் வேகம் லேசாக மாறும். இதைப் பாக்கல்ஸ் விளைவு என்பார்கள். ஒளியை இரண்டு பாதையாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் சில வோல்ட் கொடுத்து, திரும்பச் சேர்த்தால், இரண்டும் ஒத்துப்போனால் வெளிச்சம், எதிராகப் போனால் இருட்டு. இதே வித்தையைக் கொஞ்சம் மாற்றினால் ஒளி அதிரும் கோணத்தையும் மாற்றலாம். நகரும் பாகமே கிடையாது. வோல்ட் மாறுகிற வேகத்தில் ஒளியும் மாறும். நம் வீட்டுக்கு வருகிற இன்டர்நெட்டின் பெரிய கேபிள்களில் இந்த வகை மாடுலேட்டர்கள் ஏற்கெனவே நொடிக்குப் பல நூறு கோடி முறை வேலை செய்துகொண்டிருக்கின்றன.

நொடிக்கு நூறு கோடி துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒளி போகிற தூரம் 30 சென்டிமீட்டர். ஸ்கூல் ஜாமெட்ரி பாக்ஸில் வராத அந்தப் பெரிய ஸ்கேல் நீளம். அந்த இடைவெளிக்குள் பழைய பிட்டை மறந்து புதிய பிட்டுக்குத் தயாராகணும். இந்த 'மறந்து' என்ற வார்த்தையை நினைவில் வச்சுக்கோங்க.

அப்பா சொன்னது

என் அப்பா சிப்காட்டில் டூல் ரூம் ஃபிட்டராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது நான் படித்ததைச் சொல்வது வழக்கம். பாதி நேரம் பேப்பரை மடக்காமலேயே கேட்பார்.

அன்றைக்கு 1989 கதையைச் சொன்னேன். பிபி84 பேப்பரில் மட்டும் இருந்தால் போதாது என்று பென்னட்டும் பிரஸார்ட்டும் மாணவர்களோடு சேர்ந்து ஒரு கருவி கட்டினார்கள். ஃபோட்டான் போன தூரம் சுமார் 30 சென்டிமீட்டர்தான். ஃபோட்டானின் கோணத்தை மாற்ற அவர்கள் வைத்தது பாக்கல்ஸ் செல், அதாவது அந்தக் காலத்து மாடுலேட்டர். அதற்கு அதிக வோல்ட் வேண்டும். வேலை செய்தது. ஆனால் எந்தக் கோணத்துக்கு எந்த வோல்ட் என்பதைப் பொறுத்து பவர் சப்ளை வெவ்வேறு மாதிரிச் சத்தம் போட்டது! பக்கத்தில் நின்று காது கொடுத்தாலே எந்த பிட் போகிறது என்று தெரிந்துவிடும். காது கேட்காத ஒட்டுக்கேட்பவரிடம் மட்டும்தான் எங்கள் கருவி நூறு சதவீதம் பாதுகாப்பானது என்று பிரஸார்ட் பின்னாளில் தன்னையே கிண்டல் செய்து எழுதினார்.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. பேப்பரை மடக்கி வைத்தார்.

"இதுல என்னடா அதிசயம்? மெஷின்னா சத்தம் போடத்தான் செய்யும். டூல் மழுங்கினா லேத் வேற மாதிரிக் கத்தும். நான் ஷெட்டுக்கு வெளியே நின்னே எந்த மெஷின்ல என்ன ஓடுதுன்னு சொல்லிடுவேன்."

"அது பழைய கதைப்பா. இப்ப வர்றது சத்தமே போடாது. சிப் சைஸ்ல இருக்கு, நொடிக்கு நூறு கோடி தடவை மாத்தும்."

"சத்தம் போடலைன்னா வேற ஏதாவது போடும். அது சரி, அவ்வளவு வேகமா முன்னும் பின்னும் திருப்பினா ஸ்க்ரூல பிளே இருக்காதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லேத்தில் கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றிவிட்டு எதிர்ப்பக்கம் திருப்பினால், கொஞ்ச தூரம் கை சுற்றும், டூல் நகராது. ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி. இதைத்தான் பிளே என்பார்கள். விளைவு, டயல் ஒரே எண்ணைக் காட்டினாலும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்பதைப் பொறுத்து டூல் நிற்கிற இடம் மாறும். அதாவது, மெஷினுக்கு முந்தைய அசைவு ஞாபகம் இருக்கிறது.

அதிவேக மாடுலேட்டரில் இன்றைக்கு ஆய்வாளர்கள் போராடுகிற பிரச்சினை ஏறக்குறைய இதே தான். வோல்ட் மாற்றுகிற மின்சுற்றுக்கு முந்தைய துடிப்பின் தடம் கொஞ்சம் மிச்சமிருக்கும். பிரகாசமான துடிப்புக்குப் பின் வருவதும் மங்கலான துடிப்புக்குப் பின் வருவதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இருக்காது, ஒரு துளி வித்தியாசப்படும். மெதுவாக ஓட்டினால் இது தெரியாது. வேகம் கூடக்கூடத்தான் தலைதூக்கும். 40 வருஷ நிரூபணங்களில் பலவும் 'ஒவ்வொரு துடிப்பும் முந்தையதைச் சாராமல் தனியானது' என்று எடுத்துக்கொண்டவை. அந்த எடுகோளே ஆட்டம் காண்கிறது.

மருந்தும் டூல் ரூம் மருந்து மாதிரியே இருக்கிறது. பிளே இருந்தால் ஃபிட்டர் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிறுத்துவார். இங்கே ஒரு வழி, முந்தைய துடிப்பால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய துடிப்புகளைச் சாவிக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. இன்னொரு வழி, வோல்ட் கொஞ்சம் ஆடினாலும் ஒளி ஆடாத புள்ளியில் மட்டும் வேலை செய்கிற மாதிரி மாடுலேட்டரை வடிவமைப்பது. எதுவாக இருந்தாலும் முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று அளந்தாக வேண்டும்.

வானத்தில் ஒரு நொடியின் துணுக்கு

அப்பா சொன்னது 1989-க்கு மட்டும் பொருந்துகிற பேச்சா? இல்லை. மிசியஸுக்கே வருகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நிஜ வாழ்க்கையில் ஒற்றை ஃபோட்டானைக் கேட்டபோதெல்லாம் கொடுக்கிற கருவி கஷ்டம். அதனால் லேசரை மிக மிக மங்கலாக்கி விடுகிறார்கள். அதில் சில துடிப்பில் இரண்டு ஃபோட்டான் வந்துவிடும். ஒட்டுக்கேட்பவர் ஒன்றைத் திருடிக்கொண்டு இன்னொன்றை விட்டுவிடலாம், தடயமே இருக்காது. இதைத் தடுக்க நடுநடுவே வேண்டுமென்றே இன்னும் மங்கலான 'டெகாய்' துடிப்புகளைக் கலப்பார்கள். எது நிஜ சிக்னல், எது டெகாய் என்று திருடருக்குத் தெரியாது, அதனால் அவர் கைவைத்தால் கணக்கு இடிக்கும். முழுப் பாதுகாப்பும் 'தெரியாது' என்ற ஒரே வார்த்தையில் நிற்கிறது.

மிசியஸில் எட்டு லேசர். நாலு சிக்னலுக்கு, நாலு டெகாய்க்கு. எட்டும் ஒரே மாதிரி ஒளி விடணும், ஒரே கணத்தில். 2025-இல் ஒரு ஆய்வாளர் அந்தச் செயற்கைக்கோளின் தரவை எடுத்துப் பார்த்து, எட்டும் ஒரே கணத்தில் ஒளி விடவில்லை என்று எழுதினார். வித்தியாசம் சில நூறு பிகோ நொடிக்குள்தான். ஒரு பிகோ நொடி என்பது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆனால் துடிப்பின் அகலமே 200 பிகோ நொடி என்னும்போது அந்த முன்பின் போதும். வந்த நேரத்தை மட்டும் வைத்தே சிக்னலா டெகாயா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்பது அவர் வாதம். யாரோ நிஜமாக ஒட்டுக்கேட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கதவில் இடுக்கு இருக்கிறது என்கிறார்.

1989-இல் சத்தம், இங்கே நேரம். இயற்பியல் விதி இரண்டு தடவையும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. கசிந்தது மெஷின்.

இதைப் படித்தபோது எனக்கு என் முதல் வேலை ஞாபகம் வந்தது. ரகசிய டோக்கன் சரியா என்று பார்க்கிற ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, தப்பான முதல் எழுத்திலேயே 'இல்லை' என்று சொல்லிவிடும். வேகமான கோட் என்று எனக்குப் பெருமை. டீமில் இருந்த ஒரு சீனியர் அக்கா ரிவ்யூவில் நிறுத்திவிட்டாங்க. "முதல் எழுத்து தப்புன்னா சீக்கிரம் பதில் வருது, அஞ்சாவது எழுத்து தப்புன்னா லேட்டா வருது. வெளியே இருக்கிறவன் நேரத்தை அளந்தே ஒவ்வொரு எழுத்தா கண்டுபிடிச்சிடுவான். எது தப்பா இருந்தாலும் ஒரே நேரம் எடுக்கிற மாதிரி மாத்து." நான் போட்ட பூட்டு நல்ல பூட்டுதான். பூட்டு திறக்க எடுத்துக்கொண்ட நேரம் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

நம்ம நாட்டில் என்ன நடக்குது?

2021 மார்ச்சில் இஸ்ரோவின் அகமதாபாத் மையம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 300 மீட்டர் தூரம் காற்று வழியே குவாண்டம் சாவி அனுப்பி, அதை வைத்து வீடியோ கான்ஃபரன்ஸும் நடத்திக் காட்டியது. சூரிய வெளிச்சம் குறுக்கிடாமல் இருக்க ராத்திரியில் செய்தார்கள். இரண்டு பக்கமும் நேரத்தை ஒத்துவைக்க நம்முடைய நேவிக் ரிசீவரைப் பயன்படுத்தினார்கள்.

பெங்களூரில், திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1948-இல் நிறுவிய ராமன் ஆய்வு நிறுவனத்தில், உர்பசி சின்ஹாவின் குழு இஸ்ரோவோடு சேர்ந்து 2017-லிருந்து இதே வேலையில் இருக்கிறது. 2023-இல் நிலையான இடத்திலிருந்து நகர்ந்துகொண்டிருக்கிற ரிசீவருக்குச் சாவி அனுப்பினார்கள். செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுமே, அதற்கான பயிற்சி. தரை நிலையத்துக்கு எந்த இடம் நல்லது என்று பார்த்தபோது லடாக்கின் ஹான்லே முன்னணியில் வந்தது. 2025 ஜூனில் டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் வளாகத்துக்குள்ளேயே ஒரு கிலோமீட்டருக்கு மேல், பின்னிப்பிணைந்த ஃபோட்டான்களை வைத்துச் செய்தார்கள்.

2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது, 2030-31 வரை. இந்தியாவுக்குள் 2,000 கிலோமீட்டர் தூரத்துக்குச் செயற்கைக்கோள் வழிப் பாதுகாப்பான தொடர்பு என்பது அதன் இலக்குகளில் ஒன்று. குவாண்டம் தொடர்புக்கான மையம் ஐஐடி மெட்ராஸில் இருக்கிறது. சீனா இதற்கிடையில் 23 கிலோ எடையுள்ள கருவியை வைத்த ஒரு குட்டிச் செயற்கைக்கோள் வழியே பெய்ஜிங்குக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும், 12,900 கிலோமீட்டர், சாவி பரிமாறிக்கொண்டதாக 2025-இல் வெளியிட்டது. ஒருமுறை கடக்கும்போதே பத்து லட்சம் பிட் வரை.

தம்பிக்குப் பதில்

சரி தம்பி, இப்போ உனக்கு வர்றேன்.

குவாண்டம் சாட்டிலைட் வந்தாலும் சைபர் செக்யூரிட்டிக்கு வேலை இருக்கும். மூணு காரணம் சொல்றேன்.

ஒண்ணு, பிபி84-இல் "எந்த ஜோடி?" என்று போனில் பேசிக்கொள்கிறோம் இல்லையா, அந்தப் பக்கம் பேசுவது நிஜமாகவே நண்பர்தானா என்று உறுதி செய்ய வேண்டியது பழைய கிரிப்டோகிராஃபிதான். அது இல்லையென்றால் நடுவில் உட்கார்ந்தவர் இரண்டு பக்கமும் நண்பர் மாதிரி நடித்துவிடுவார்.

ரெண்டு, பெய்ஜிங்–வியன்னா மாதிரியான ஏற்பாட்டில் சாவி செயற்கைக்கோளுக்கே தெரியும். அதை இயக்குகிறவரை நம்பியாகணும். அமெரிக்காவின் என்எஸ்ஏ இந்தக் காரணத்தையும், சிறப்புக் கருவி வேண்டும் என்பதையும், கருவியைச் சரிபார்ப்பது கஷ்டம் என்பதையும் சொல்லித்தான் தன் முக்கியமான அமைப்புகளுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. அவர்கள் நம்புவது குவாண்டம் கம்ப்யூட்டராலும் உடைக்க முடியாது என்று கருதப்படுகிற புதிய கணக்குகளை. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் அதில் முதல் மூன்றைத் தரமாக வெளியிட்டது. உன் போனுக்கும் என் போனுக்கும் வரப்போவது அதுதான். செயற்கைக்கோள் சாவி, சில இடங்களுக்கு மட்டும் இன்னொரு அடுக்காக இருக்கும். இரண்டும் இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. கணக்கு நாளைக்கு உடைந்தால் ஒளி இருக்கும், ஒளிக்கருவி கசிந்தால் கணக்கு இருக்கும்.

மூணாவதுதான் முக்கியம். "ஹேக் பண்ணவே முடியாது" என்று யாராவது சொன்னால், "எதை அளந்து பார்த்துச் சொல்றீங்க?" என்று கேட்கிற ஆள் வேணும். துடிப்பு எந்த பிகோ நொடியில் வந்தது, முந்தைய துடிப்பு இதில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது, வெயிலில் சூடானால் படிகம் எவ்வளவு நகர்கிறது, வெளியிலிருந்து பலமான ஒளியை உள்ளே அடித்தால் என்ன திரும்பி வருகிறது. அந்தக் கேள்விகளைக் கேட்பதுதான் சைபர் செக்யூரிட்டி. 6,000 கோடி ரூபாய் நம்ம பணம். அதில் வாங்குகிற, கட்டுகிற ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் காது கொடுத்துக் கேட்க ஒருத்தர் நிற்கணும்.

அதனால் எலெக்டிவை எடு. கூடவே உன் காலேஜ் எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஆசிலோஸ்கோப் இருந்தால், ஒரு சனிக்கிழமை அதன் முன்னால் உட்காரு. ஒரு சதுர அலையைக் கொடுத்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போ. எந்த இடத்தில் மூலை மழுங்க ஆரம்பிக்கிறது என்று பார். அதுதான் பிளே. பார்த்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

இந்த எபிசோடை எடிட் செய்துகொண்டிருந்தபோது அப்பா வந்து கொஞ்ச நேரம் ஹெட்போனில் கேட்டார். "அந்தச் சீனாக்காரன் எட்டு லேசருக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தா முன்பின் வராது இல்ல?" என்றார். அந்த வழியும் இருக்குப்பா, ஒரே லேசர் வச்சு மாடுலேட்டரால எல்லாத்தையும் மாத்துவாங்க என்றேன். "அப்ப அந்த மாடுலேட்டரைத்தான் நல்லா செக் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான் மக்களே. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டாவே அனுப்புங்க, தமிழ், தெலுங்கு, கன்னடம் எதுல வேணா பேசுங்க, எங்க ஊர்ல மூணும் ஓடும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.